முன்பணத்தில் கட்டுண்ட கழுத்துகள்: ஜவ்வாது மலை முதல் ஜெனீவா வரை

திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரைச் சொல்கிறது. அதில் ஐந்தாவதாக வருவது ‘ரிகாப்’. நேர்ப்பொருள் ‘கழுத்துகள்’. அடிமைத்தளையில் சிக்கியிருப்போரின் கழுத்தை விடுவிப்பதற்கான பங்கு அது. மதரஸாவில் ஃபிக்ஹு ஓதிய காலத்தில் இந்த இடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுவோம். இன்று அடிமைகள் இல்லை, ஆகவே இந்தப் பிரிவும் நடைமுறையில் இல்லை என்று ஒரு வரியில் பாடம் முடிந்துவிடும். பின்னர் நாமும் மாணவர்களுக்கு அப்படியேதான் சொல்லிக்கொடுத்தோம்.

அந்த வரியை மறுபடி யோசிக்க வைத்தது ஜவ்வாது மலைதான். சில ஆண்டுகளுக்கு முன் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தோம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. திண்ணையில் கிழவர்களும், பள்ளிக்கூடம் போகும் வயதில் இரண்டு மூன்று பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டபோது, சூளைக்குப் போயிருக்கிறார்கள், கரும்புக்குப் போயிருக்கிறார்கள், காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. எப்போது வருவார்கள் என்று கேட்டோம். கணக்கு முடிந்தால் வருவார்கள் என்றார் ஒரு பெரியவர். நாள், மாதம் எதையும் அவர் சொல்லவில்லை. கணக்கைத்தான் சொன்னார்.

மலையும் மக்களும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் என்று நம் மக்கள் நிறைந்து வாழும் பாலாற்றுக் கரை ஊர்களுக்குத் தெற்கே வெறுங்கண்ணுக்குத் தெரியும் மலை இது. மலையின் மேல் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. பெரும்பாலான வெளியூர்க்காரர்களுக்கு ஜவ்வாது மலை என்றால் அந்தத் தொலைநோக்கியும் பீமன் அருவியும்தான்.

மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்ற பட்டியல் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியதாக அவர்களிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. சாமை, ராகி, புளி, பலா, சீத்தாப்பழம், தேன் ஆகியவை மலையின் விளைச்சல். வானம் பார்த்த பூமி. சாமை அறுவடை முடிந்ததும் அடுத்த மழைவரை கையில் வேலையும் இருக்காது, காசும் இருக்காது. அந்த இடைவெளியில்தான் மேஸ்திரி வருகிறார்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது

மேஸ்திரி வெளியாள் அல்லர். பல நேரங்களில் அதே மலைக்காரர், சில நேரங்களில் உறவுக்காரர். சூளை முதலாளியிடமோ, தோட்டக்காரரிடமோ, கரும்பு ஆலைக்கு ஆள் அனுப்புபவரிடமோ ஒரு தொகை வாங்கிக்கொண்டு வந்து, வீடு வீடாக முன்பணம் கொடுக்கிறார். கல்யாணச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, பழைய கடன், ஒரு சாவு என எதற்காகவும் இருக்கலாம். வங்கிக்குப் போனால் ஜாமீன் கேட்பார்கள். மேஸ்திரி கேட்பதில்லை. உழைக்கும் கைகளே அவருக்கு ஜாமீன்.

ஒரு கணக்குக்காக, ஒரு குடும்பம் முப்பதாயிரம் ரூபாய் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் சூளைக்குப் போகிறார்கள். விடியலுக்கு முன் எழுந்து மண் குழைத்துப் பச்சைக்கல் அறுக்கிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் கூலி கைக்கு வருவதில்லை. வாரம் ஒருமுறை அரிசி, பருப்பு வாங்கச் செலவுக்காசு மட்டும் கொடுப்பார்கள். அதுவும் கணக்கில் ஏறும். மழை பெய்து கல் கரைந்தால் அந்த நாள் கூலி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஐநூறு வாங்கினால் அதுவும் ஏறும். உடைந்த கல்லுக்குக் கழிவு உண்டு. பருவத்தின் கடைசியில் நோட்டைத் திறந்து பார்த்தால் முப்பதாயிரம் இருபதாயிரம் ஆகியிருக்கும், அல்லது நாற்பதாயிரம் ஆகியிருக்கும். எது நடந்தது என்று சரிபார்க்க அந்தக் குடும்பத்திடம் நோட்டு இல்லை. நோட்டு ஒன்றுதான், அது முதலாளியிடம் இருக்கிறது.

பாக்கி இருந்தால் அடுத்த பருவமும் அங்கேயே வர வேண்டும். ஊரில் கருமாதி என்றால் இருவரும் சேர்ந்து போக முடியாது, ஒருவர் இருக்க வேண்டும். வேறு சூளையில் கூலி அதிகம் என்று தெரிந்தாலும் மாற முடியாது. மாற வேண்டுமானால் புதிய முதலாளி பழைய பாக்கியை அடைத்து இவர்களை எடுத்துக்கொள்வார். அதாவது குடும்பம் கைமாறுகிறது, விலையோடு. சங்கிலி இல்லை, சவுக்கு பல இடங்களில் இல்லை. வாசல் திறந்தேதான் இருக்கும்.

மதரஸா நூல்களில் ‘முகாதப்’ என்று ஒருவர் வருவார். தன் விடுதலைக்கு ஒரு தொகையை எஜமானரிடம் பேசி முடித்து, தவணையாகக் கட்டி வெளியேறும் அடிமை அவர். அத்தகைய ஒப்பந்தத்தை விரும்பிக் கேட்பவருக்கு அதை எழுதிக் கொடுக்கும்படியும், தம் செல்வத்திலிருந்து அவருக்கு உதவும்படியும் சூரா அந்நூர் 33ஆம் வசனம் எஜமானர்களுக்குச் சொல்கிறது. முகாதப் கட்டும் ஒவ்வொரு தவணையும் அவரைக் கதவுக்கு ஓரடி பக்கத்தில் கொண்டுவரும். கடன் குறையும், தொகையும் தவணையும் எழுத்தில் இருக்கும். சூளைக் குடும்பத்தின் நிலைமை இதற்கு நேர் தலைகீழ். பெயரளவில் சுதந்திரமானவர், உழைக்க உழைக்கக் கடன் நிற்கிறது, அல்லது ஏறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அடிமைக்கு இருந்த கணக்குத் தெளிவு இவர்களுக்கு இல்லை என்பதை யோசிக்கும்போது நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

சேஷாசலத்தில் இருபது உடல்கள்

மலையிலிருந்து ஆள் இறங்கும் இன்னொரு பாதை மிக ஆபத்தானது. ஜவ்வாது மலை ஒருகாலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர் பெற்றது. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே உண்டு. மரத்தின் வயிரம் பார்த்து வெட்டிச் செதுக்கும் திறமை மலைமக்களிடம் தலைமுறையாக இருந்தது. சந்தனம் அழிந்த பிறகு அந்தத் திறமையைத் தேடி ஆந்திரச் செம்மரக் கடத்தல்காரர்களின் தரகர்கள் வந்தார்கள். பெரும்பாலும் சேஷாசலம் உள்ளிட்ட ராயலசீமை மலைகளில் இயற்கையாக வளரும் செம்மரத்துக்கு வெளிநாடுகளில் பெரும் விலை. வெட்டுபவருக்குக் கிடைப்பது அதில் தூசு. ஆனாலும் சூளைக் கூலியோடு ஒப்பிட்டால் அந்தத் தூசும் பெரிய தொகைதான்.

2015 ஏப்ரல் 7 அன்று அன்றைய சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலக் காட்டில் ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப் படை இருபது தமிழர்களைச் சுட்டுக்கொன்றது. பெரும்பாலானவர்கள் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைக்கிராமத்தவர்கள்; ஜவ்வாது மலையின் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோதே சிலரைப் பிடித்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சாட்சியம் அளித்தார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் ஐந்து தமிழர்களின் உடல்கள் மிதந்தன. இவை தவிர, செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த மலைவாசிகள் ஏராளம்.

இவர்கள் எல்லாரும் கொத்தடிமைகளா? அப்படிச் சொன்னால் உண்மைக்குப் புறம்பாகும். தெரிந்தே, கூலிக்காகப் போனவர்கள் உண்டு. முன்பணத்தைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனவர்கள் உண்டு. மேஸ்திரி வேலை என்று மட்டும் சொல்லி வண்டியில் ஏற்றி, காட்டுக்குள் இறக்கிய பிறகுதான் எந்த வேலை என்று தெரிந்துகொண்டவர்களும் உண்டு. இந்த மூன்று வகையாரையும் பிரித்துப் பார்க்கும் விசாரணை நடப்பதே இல்லை என்பதுதான் நம் வருத்தம். துப்பாக்கிக்கும் சிறைக்கும் மூவரும் ஒன்று.

இந்த இடத்தில்தான் ஜெனீவாவின் நினைவு வருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 1930ல் கொண்டுவந்த கட்டாய உழைப்பு ஒப்பந்தத்துக்கு 2014ல் ஓர் இணைப்பு நெறிமுறையைச் சேர்த்தது. அதன் நான்காம் பிரிவு, கட்டாய உழைப்பில் சிக்கியவர் அதன் நேரடி விளைவாக ஒரு சட்டவிரோதச் செயலைச் செய்ய நேர்ந்திருந்தால், அவர்மீது வழக்குத் தொடராமலும் தண்டிக்காமலும் இருக்க அதிகாரிகளுக்கு இடம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த நெறிமுறை 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1930ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை 1954லேயே ஏற்ற இந்தியா, 2014ஆம் ஆண்டு நெறிமுறையை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் துப்பாக்கி நின்றிருக்குமா என்பது வேறு. ஆனால் பிடிபட்ட மலைவாசியிடம் நீதிபதி கேட்க வேண்டிய முதல் கேள்வி மாறியிருக்கும்: எத்தனை மரம் வெட்டினாய் என்பதற்கு முன்னால், யாரிடம் எவ்வளவு வாங்கினாய் என்பது.

உலகம் செய்தவை

அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்த வரலாற்றில் முஸ்லிம் நாடுகளின் கணக்கு கலவையானது. மறைக்க ஒன்றுமில்லை. துனீசியாவின் ஆட்சியாளர் அஹ்மத் பே 1846ல் அடிமை முறையை ஒழித்தார். அமெரிக்கா அதைச் செய்ய 1865 ஆனது. மறுபுறம், சவூதி அரேபியா 1962லும் மௌரித்தானியா 1981லும்தான் ஒழித்தன. மௌரித்தானியா அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க 2007 வரை காத்திருந்தது. அடிமையை விடுவிப்பதைப் பாவப் பரிகாரமாகவும் பெரும் நன்மையாகவும் வைத்த மார்க்கத்தைச் சொல்லிக்கொள்ளும் நாடுகள் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதற்கு மார்க்கத்தைக் குறை சொல்ல முடியாது. நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

சர்வதேச அளவில் முதல் பெரிய உடன்படிக்கை 1926 செப்டம்பர் 25 அன்று லீக் ஆஃப் நேஷன்ஸ் அமைப்பின்கீழ் கையெழுத்தானது. ஒரு மனிதர்மீது சொத்துரிமை செலுத்துவதே அடிமைத்தனம் என்று அது வரையறுத்தது. 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் நான்காம் பிரிவு அடிமைத்தனத்தை எல்லா வடிவத்திலும் தடை செய்தது. ஆனால் நம் சூளைக்காரர் யாரையும் சொத்து என்று சொல்வதில்லை. கடன் கொடுத்தேன் என்றுதான் சொல்கிறார். அவரைப் பிடிக்கும் வலை 1956ல்தான் வந்தது.

அந்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின்கீழ் உருவான துணை உடன்படிக்கை, கடன் அடிமைத்தனத்தைத் தனியாக வரையறுத்தது. கடனுக்காக ஒருவர் தன் உழைப்பையோ தன் பொறுப்பில் இருப்பவரின் உழைப்பையோ அடகு வைக்கிறார். அந்த உழைப்பின் நியாயமான மதிப்பு கடனில் கழிக்கப்படுவதில்லை, அல்லது அந்த உழைப்பு எவ்வளவு காலம், எந்த வகை என்பதற்கு வரம்பு இல்லை. இப்படியானால் அது அடிமைத்தனத்துக்கு ஒப்பானது. மேலே நாம் பார்த்த நோட்டை இந்த வரையறையோடு வைத்துப் பாருங்கள், ஓர் எழுத்துக்கூட விலகாது. இந்தியா இந்த உடன்படிக்கையை 1960ல் ஏற்றது.

அதன் பிறகு வந்தவை பல. 1957ல் ஐ.எல்.ஓ.வின் 105ஆம் ஒப்பந்தம், 1999ல் குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களுக்கு எதிரான 182ஆம் ஒப்பந்தம், 2000ல் ஆள் கடத்தலுக்கு எதிரான பாலெர்மோ நெறிமுறை. 2015ல் ஐ.நா. வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 8.7 என்ற எண்ணில் நவீன அடிமைத்தனத்தை 2030க்குள் ஒழிப்பது சேர்க்கப்பட்டது. ஐ.எல்.ஓ., வாக் ஃப்ரீ, சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2022 செப்டம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021ல் உலகில் சுமார் 4.96 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்தார்கள். அதில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பிலும், 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்திலும் சிக்கியவர்கள். 2016ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டைவிட இது ஏறத்தாழ ஒரு கோடி அதிகம். இலக்கு ஒரு திசையிலும் எண்ணிக்கை இன்னொரு திசையிலும் போகின்றன.

அண்மைக்காலத்தில் பணக்கார நாடுகள் வேறொரு வழியைப் பிடித்திருக்கின்றன. தங்கள் கடைகளுக்கு வரும் சரக்கு எங்கே, யார் கையால் செய்யப்பட்டது என்று நிறுவனங்களே விசாரித்துச் சொல்ல வேண்டும் என்ற சட்டங்கள் அவை. பிரிட்டனின் நவீன அடிமைத்தனச் சட்டம் 2015ல் வந்தது, பிரான்ஸின் சட்டம் 2017ல். கட்டாய உழைப்பில் உருவான பொருளை ஐரோப்பியச் சந்தையிலேயே விற்க முடியாதபடி தடுக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் நிறைவேற்றியது. அது 2027 டிசம்பர் முதல் செயல்படும். திருப்பூர், திண்டுக்கல் பின்னலாடைகளுக்கும் ஆம்பூர் தோல் பொருள்களுக்கும் இதனால் நல்லது நடக்கலாம். மூன்று ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி ஏழைப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்த ‘சுமங்கலித் திட்டம்’ வெளிச்சத்துக்கு வந்ததில் வெளிநாட்டு வாங்குபவர்களின் நெருக்கடிக்குப் பங்கு உண்டு.

ஆனால் செங்கல் கப்பல் ஏறுவதில்லை. செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ அறுத்த கல் சென்னையில் வீடாகிறது. விறகு வெட்டும் இடம், அரிசி ஆலை, வாத்து மேய்ப்பு, ஆட்டுக் கிடை என நம் மாநிலத்தில் கொத்தடிமைகள் மீட்கப்படும் தொழில்களில் பலவும் உள்ளூரிலேயே விற்று முடிபவை. லண்டனில் ஒரு நிறுவனம் வெட்கப்படுவதால் இங்கே ஒரு சூளை மாறப்போவதில்லை. இந்த மக்களுக்கு இருப்பது இந்தியச் சட்டம் ஒன்றே.

நம் நாட்டுச் சட்டம்

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட அங்கீகாரத்தை நீக்கியது. அடிமை என்ற சொல் போயிற்று, பண்ணையாளும் படியாளும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அதைச் செயல்படுத்தும் சட்டம் வர கால் நூற்றாண்டு ஆனது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரி 9 அன்று கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமாக ஒப்புதல் பெற்றது. நெருக்கடி நிலைக் காலத்தில் பிறந்த சட்டங்களில் நன்மையானது என்று நாம் எண்ணக்கூடிய ஒன்று.

அந்தச் சட்டத்தின் அடிப்படை எளிது. கொத்தடிமைக் கடன் அந்த நொடியே செல்லாததாகிவிடும். கட்ட வேண்டியதில்லை; முதலாளி வாங்கினாலும் குற்றம். கடனுக்காக எடுத்துக்கொண்ட பொருளைத் திருப்பித் தர வேண்டும். குடியிருக்கும் இடத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அபராதம் மட்டும் இன்றும் இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே நிற்கிறது என்பதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். ஜவ்வாது மலை மக்களுக்கு இது பொருந்தும். கடத்தல் குற்றமும் சேர்க்கப்பட்டால் தண்டனை ஏழாண்டுக்கு மேல் போகும்.

சட்டத்துக்கு உயிர் கொடுத்தவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982ல் நீதிபதி பகவதி அமர்வு ஒரு பெரிய வாசலைத் திறந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், பசியும் வறுமையும்தான் அவரை அதற்குத் தள்ளியிருக்கும். அந்தத் தள்ளுதலும் பலவந்தமே என்றது அத்தீர்ப்பு. சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த கல்குவாரி வழக்கில், கட்டாய உழைப்பு இருப்பது தெரிந்தாலே அதன் பின்னால் முன்பணம் இருப்பதாக அனுமானிக்க வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. தொழிலாளி ரசீது காட்டத் தேவையில்லை. நோட்டு முதலாளியிடம்தானே இருக்கிறது!

தமிழ்நாட்டின் கதை தனி. இங்கே கொத்தடிமை முறை இருக்கிறதா என்று பார்க்க உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்களான சிராஜ் சேட், ஃபெலிக்ஸ் சுகிர்தராஜ் இருவரும் 1995ல் அறிக்கை கொடுத்தார்கள். மாநிலம் முழுக்கப் பல தொழில்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். அடுத்து அரசு நடத்திய கணக்கெடுப்பில் கிடைத்தது சுமார் 25,000 பேர். இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவர்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள்? ஒருவரைக் கொத்தடிமை என்று எழுதுவதற்கு அதிகாரிகள் காட்டும் தயக்கத்தின் அளவு அந்த இடைவெளி என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

அந்தத் தயக்கம்தான் இந்த விஷயத்தின் முடிச்சு. மீட்கப்பட்டவரின் கையில் வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கொடுக்கும் ஒரு தாள்தான் ‘விடுதலைச் சான்றிதழ்’. அது இருந்தால் அவர் கடனற்ற சுதந்திர மனிதர். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டப்படி ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம் ரூபாய் உண்டு. உடனடி உதவி முதலில் 20,000 ஆக இருந்தது, பின்னர் 30,000 வரை உயர்த்தப்பட்டது. முழுத் தொகை நீதிமன்ற நடவடிக்கையின் முடிவைச் சார்ந்து நிற்கிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் நடந்தது வெறும் கூலித் தகராறு. அதிகாரி முன்னிலையில் ஒரு சமரசம் பேசி, பேருந்துக் காசு கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மேஸ்திரி அடுத்த பருவத்தில் அதே வீட்டுக்கு, அதே பாக்கியோடு வருவார்.

வெளிமாநிலம் என்றால் இன்னும் சிக்கல். குடகு மலையில் மீட்கப்பட்ட ஜவ்வாது மலைக் குடும்பத்துக்குச் சான்றிதழ் அங்கே, மறுவாழ்வு இங்கே. இரண்டு மாவட்ட நிர்வாகங்களின் கடிதப் போக்குவரத்துக்கு நடுவில் ஒரு குடும்பம் எத்தனை மாதம் பசியோடு காத்திருக்கும்? காத்திருக்காது. அடுத்த முன்பணம் வாங்கும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டபோது, முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பரவியது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் அவர்கள். 2025 மே மாதம், 25,000 ரூபாய்க் கடனுக்காக வாத்து மேய்க்க விடப்பட்டிருந்த ஆந்திரத்து யானாதிப் பழங்குடிச் சிறுவன் ஒருவனின் உடல் காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் தோண்டியெடுக்கப்பட்டது. ஒன்பது வயது. பாலாறு நம் ஊர்களின் ஆறு.

1.84 கோடிக் கொத்தடிமைகளை 2030க்குள் விடுவிப்பதாக மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2016ல் அறிவித்தது. 1978 முதல் இன்றுவரை விடுவிக்கப்பட்டதாகப் பதிவானவர்கள் மூன்றேகால் லட்சத்துக்கும் குறைவு.

நம் வீட்டுக் கணக்கு

வளைகுடாவில் கஃபீல் பிடியில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துத் தவித்த உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் அடைபட்டு, 2022 அக்டோபரில் சென்னை திரும்பிய 13 தமிழர்களின் செய்தியையும் படித்தோம். அந்த வலி நமக்கு உடனே புரிகிறது. பக்கத்து மலையின் வலி ஏன் புரிவதில்லை?

கேட்க வேண்டிய கேள்விகள் நம்மிடமும் உண்டு. வட ஆர்க்காட்டுப் பீடித்தொழிலில் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தப் பகுதியில் பீடி சுற்றியவர்களிலும் நம்மவர் உண்டு, பீடிக் கடை வைத்திருந்தவர்களிலும் நம்மவர் உண்டு. இன்றைக்குச் செங்கல் சூளை நடத்துவோரிலும் எல்லாச் சமுதாயத்தாரும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் கட்டும்போது கல்லின் விலையைப் பேரம் பேசுகிறோம், தட்டிப் பார்த்துத் தரம் பார்க்கிறோம், வட்டிப் பணம் கலக்கவில்லையா என்று நன்கொடையைத் துருவி விசாரிக்கிறோம். அந்தக் கல்லை அறுத்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்ட நிர்வாகக் கமிட்டியை நாம் இதுவரை பார்த்ததில்லை. மறுமையில் அல்லாஹ்வே எதிராளியாக நிற்கும் மூவரில், சுதந்திரமானவரை விற்று அந்த விலையைத் தின்றவரும், ஆளைக் கூலிக்கு அமர்த்தி வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவரும் அடங்குவர் என்ற கருத்தில் புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸியை ஜும்ஆ மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். முன்பண நோட்டு அந்த இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது.

ரிகாப் பங்கைப் பொறுத்தவரை, ஹனஃபி, ஷாஃபிஈ நூல்கள் அதை முகாதபுக்கு உரியதாக விளக்குகின்றன. மாலிகி மத்ஹபில் அடிமையை விலைக்கு வாங்கி விடுதலை செய்வதும் அதில் அடங்கும். கொத்தடிமைக்கு அதை நீட்டலாமா என்பது உலமாக்கள் உட்கார்ந்து பேச வேண்டிய மஸ்அலா, இங்கே நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொத்தடிமைக் கடனை அடைத்து ஒருவரை மீட்பது, சட்டம் செல்லாது என்று சொன்ன கடனைச் செல்லும் என்று ஒப்புக்கொள்வதாகும். அந்தப் பணம் மேஸ்திரியின் அடுத்த முன்பணமாகத் திரும்பும். ஆகவே உதவி போக வேண்டிய இடம் விடுதலைக்குப் பிந்தைய ஆறேழு மாதங்கள்: அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வழக்குக்குப் போய்வரும் செலவு. மலைமக்கள் முஸ்லிம்கள் அல்லர். ஜகாத்தில் அதுபற்றி மத்ஹபுகளின் நிலை வாசகர்கள் அறிந்ததே. ஸதகாவுக்கும் ஜமாஅத்தின் பொது நிதிக்கும் அந்தத் தடை கிடையாது.

பக்கத்தில் ஒரு சூளையிலோ, மரம் வெட்டும் இடத்திலோ, கிடையிலோ இப்படி ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தால், மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம். குழந்தை என்றால் 1098க்கு அழைக்கலாம். இடம், முதலாளி, எத்தனை பேர், எந்த ஊர்க்காரர்கள், எவ்வளவு முன்பணம் வாங்கியதாகச் சொல்கிறார்கள், ஊருக்குப் போகவோ வேறு வேலைக்குப் போகவோ விடுகிறார்களா ஆகிய விவரங்கள் போதும். முதலாளியிடம் முன்கூட்டிப் பேசக் கூடாது. பேசினால் இரவோடு இரவாகக் குடும்பம் இடம் மாறிவிடும். சமரசம் பேசி அனுப்ப முற்பட்டால், ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, தனித்தனி விடுதலைச் சான்றிதழ் கேட்க வேண்டும். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்தவருடையது.